மூலைப் பலகைக்கு ஒரு மலை

நெகிரி செம்பிலான் சிற்றிரயில் கலைக் கழகத்தின் சட்டத்தில், திறப்பு விழாவுக்கு முன் ரயில் ஓடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஓட்டிப் பார்ப்பதும் ஓட்டம்தான் என்று அதற்கு ஓர் உட்பிரிவும் உண்டு. ஆகவே பிரமுகர் வந்து பொத்தானை அழுத்தும்வரை ரயில் ஓடுமா ஓடாதா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வது ஒழுங்கீனம்.

இந்த விதியை எழுதியவர் தலைவர் கணேசமூர்த்தி. காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொந்தமாக ஒரு பொம்மை ரயில் பெட்டிகூடக் கிடையாது. "கப்பல் கம்பெனி டைரக்டர் கப்பல ஓட்டுவாரா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

கழகத்தின் ரயில் ஒரே மேசையில் கிடப்பதல்ல. ஒவ்வோர் உறுப்பினரும் தன் பங்குக்குக் கால் வைத்த ஒரு பலகையை வீட்டில் செய்வார். அதன்மேல் தனக்குப் பிடித்த ஊரையோ கோயிலையோ கட்டி, நடுவே தண்டவாளம் பதிப்பார். கண்காட்சி நாளில் எல்லாரும் பலகைகளைத் தூக்கிவந்து மண்டபத்தில் சேர்த்து வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஒரு முழு வட்டம் கிடைக்கும். ஒருவர் கட்டிய ஊரிலிருந்து இன்னொருவர் கட்டிய ஊருக்கு ரயில் போகும். கேட்பதற்கு எளிமையாக இருக்கும். அதனால்தான் அதற்கு ஒரு செயற்குழு தேவைப்பட்டது.

தலைவரின் பலகையைத் தச்சர் ஒருவர் செய்துகொடுத்திருந்தார். போன ஆண்டுக் கண்காட்சியின் திறப்பு விழா மேடை அதில் அப்படியே இருந்தது. மேடையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கணேசமூர்த்தி, கழுத்தில் மாலையோடு நின்றார்.

வளைவு வரும் மூலைப் பலகைகளை மட்டும் யாரும் செய்ய விரும்புவதில்லை. வளைந்த தண்டவாளம் பதிப்பது தலைவலி பிடித்த வேலை. போட்டோவிலும் மூலை விழாது. அதனால் அவை புதியவர்களுக்கு. அப்படித்தான் ஒரு மூலை ஜார்ஜுக்கு வந்தது. அவன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். ரந்தாவுக்குப் பக்கத்தில் புக்கிட் தெராத்தாய் தோட்டத்து மேல் டிவிஷனில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் குடியிருப்பவன். பலகையில் என்ன கட்டுவது என்று யோசித்துப் பார்த்தான். தன் லயத்தையே கட்டிவிட்டான். எட்டு வீடுகள், பால் டின் தகரத்தில் கூரை, ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் கடுகளவு விளக்கு. கடைசி வீட்டுக் கொடியில், நாசி லெமாக் சோறு விற்கும் பஞ்சாலை அக்காவின் சிவப்புக் கைலி.

அந்த எட்டு வீட்டிலும் இன்றுவரை குடும்பங்கள் இருக்கின்றன. தோட்டத்தை வாங்கிய மேம்பாட்டு நிறுவனமோ அங்கே ஒருவரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆள் இருந்தால் மாற்று வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் இடிக்க முடியும். இல்லாவிட்டால் இடித்துக்கொண்டே போகலாம். இன்றைய கண்காட்சியின் முழுச் செலவும் அந்த நிறுவனத்துடையது. திறப்பு விழா மேடையிலேயே சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஊரார் சொல்லும் வை.பி., "காலி நிலத்தில் புதிய தாமான்" என்று அங்கே வரவிருக்கும் குடியிருப்பை அறிவிக்கப் போகிறார்.

வை.பி.யைப் பார்க்க லயத்தார் அலையாத அலைச்சல் இல்லை. ஆபீசுக்குப் போனால் வெளியே போயிருக்கிறார் என்பார்கள். வெளியே மடக்கினால் ஆபீசுக்கு வாருங்கள் என்பார்கள். "ரயிலு ஓடறப்ப அவரு கண்ணு நம்ம பலகைக்கு வந்துதானே ஆகணும்? லைட் எரியிறதப் பாத்தா யாரு வீடுன்னு கேப்பாரு லா. அப்ப சொல்லிருவோம்" என்று ஜார்ஜ் எட்டு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்த வாக்குக்கு ஆயுள், ஞாயிற்றுக்கிழமை காலை ரந்தாவ் கல்யாண மண்டபத்தில் நிறுவனத்தின் மேலாளர் சத்தியசீலன் வந்து நிற்கும்வரைதான். பேனர் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர், மூலைப் பலகையின் முன்னால் நின்றார்.

"இது எந்த எடம்?"

"நம்ம எடந்தான் சார். தெராத்தாய், மேல் டிவிஷன்."

"அங்க யாரும் இல்லையே."

"நான் இருக்கேன் சார்."

சத்தியசீலன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எங்க ரெக்கார்ட்ல நீங்க இல்லையே" என்றார், ஜார்ஜ் ஏதோ திருட்டுத்தனமாக உயிரோடு இருப்பதுபோல.

உடனே செயற்குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார். ஜார்ஜ் நின்றுகொண்டிருந்தான்.

"பலகைய எடுத்துருங்க" என்றார் தலைவர்.

"எடுத்தா வட்டம் மூடாது தலைவரே" என்றார் செயலாளர் தங்கராஜு. "ரயிலு தரையில விழுந்துரும்."

"வை.பி. முன்னாடியா?"

"வை.பி. முன்னாடிதான்."

"அப்ப வீட்ட மட்டும் பேத்துருங்க."

"பேத்தா தண்டவாளமும் சேந்து வந்துரும் சார்" என்றான் ஜார்ஜ். "ஒரே அடிப் பலகை."

கணேசமூர்த்தி கண்ணை மூடிச் சிந்தித்தார். திறந்தபோது முகத்தில் ஒளி வந்திருந்தது. "நெகிரி செம்பிலான் மலைவளம் நெறஞ்ச மாநிலம். ஆனா நம்ம வட்டத்துல ஒரு மலைகூட இல்ல. இது மாநிலத்துக்கே நாம செஞ்ச துரோகம். அந்த மூலையில மலை வரட்டும். ரயிலு குகைக்குள்ள பூந்து வெளிய வரட்டும். நாம யாரையும் மறைக்கல, பாருங்க. மூடறோம். அவ்ளோதான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜார்ஜுக்கு ஓட்டு இல்லை.

"ஒங்களுக்கு இஷ்டம் இல்லன்னா தாராளமா சொல்லுங்க" என்று தலைவர் கனிவோடு சேர்த்துக்கொண்டார். "கண்காட்சியவே கேன்சல் பண்ணிருவோம். இத்தன பேரு ராத்திரி பகலா உழைச்சது வீணாப்போகும். ஏன்னு கேட்டா ஒங்களக் கைகாட்டுவோம்."

சுற்றி நின்ற உறுப்பினர்கள் அவனையே பார்த்தார்கள். ஜார்ஜ் தலையாட்டினான். ஆட்டிய அந்தத் தலையை அவனுக்கே பிடிக்கவில்லை.

மின்விசிறி வந்த பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ரயில் போக இரண்டு ஓட்டை வெட்டினார்கள். மணவறையில் கிடந்த பச்சைப் புல் விரிப்பை மேலே போர்த்தினார்கள். சிகரத்தில் நிறுவனத்தின் கொடி நட்டது சத்தியசீலனின் யோசனை. லயம் முழுக்க உள்ளே போய்விட்டது.

"லைட்ட அணைச்சிரவா?" என்று கேட்டான் ஜார்ஜ்.

"உள்ள எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன? யாரு பாக்கப் போறா?" என்றார் தங்கராஜு. விளக்குகள் எரிந்தபடியே கிடந்தன.

சற்று நேரத்தில் அவன் மனைவி மார்த்தா லயத்தாரைக் கூட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கினாள். பஞ்சாலை கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள். தன் கைலி கண்காட்சியில் தொங்குகிறது என்று பசார் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் அவள். மார்த்தா வட்டத்தை ஒரு தடவை சுற்றி வந்தாள். மலையின் முன்னால் நின்றாள்.

"நம்ம வீடு எங்கங்க?"

"உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

ஜார்ஜ் சொன்னான். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வேலை வாங்குற மண்டோர் சொன்னா ஒங்க தாத்தா தலையாட்டினாரு. அவருக்குச் சம்பளமாவது குடுத்தாங்க" என்றாள் மார்த்தா. "நீங்க எதுக்கு ஆட்டுனீங்க?"

பஞ்சாலை கிட்டே வந்து, "ரயிலு போறப்ப கொஞ்சம் தெரியுமா தம்பி?" என்று கேட்டாள். தொண்டர்கள் வந்து லயத்தாரைக் கயிற்றுக்குப் பின்னால், ஐஸ்கிரீம் விற்கும் இடத்தில் நிற்கவைத்தார்கள்.

முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு, ஜார்ஜ் மலையின் பின்பக்கம் போய்க் குனிந்தான். அப்போதுதான் விரலில் அது தட்டுப்பட்டது. ரயில் மலையைவிட்டு வெளியேறும் இடத்தில், ஓட்டைக்குச் சற்று உள்ளே, அவன் பலகையும் அடுத்த பலகையும் சேரும் இணைப்பு. பெட்டியைக் கவிழ்த்தவர்கள் இடித்ததில் பலகை இறங்கியிருந்தது. இரண்டு தண்டவாள முனைகளும் மட்டமாக இல்லை. நகத்தின் கனம் அளவுக்கு ஒரு படி. இஞ்சின் இங்கே வந்தால் கட்டாயம் தடம் இறங்கும். கிளாம்பைத் தளர்த்தி, பலகையைச் சற்றே உயர்த்தி, மறுபடி இறுக்கினால் போதும். ஒரு நிமிட வேலை.

அவன் கிளாம்பில் கை வைத்தான்.

"தொடாதீங்க!" பின்னாலிருந்து தலைவரின் குரல். "பூஜை போட்டாச்சு. இனிமே வை.பி.தான் தொடணும். ஒரு சுத்து முழுசா முடியிறவரைக்கும் வை.பி.யத் தவிர ஒருத்தர் கை படக் கூடாது. புதுசா போட்ட விதி."

"இல்ல தலைவரே, இந்த எணைப்பு..."

"ஏற்கெனவே ஒங்களால ஒரு மலை வந்திருக்கு. இன்னும் என்ன?"

ஜார்ஜ் தங்கராஜுவிடம் ஓடினான். தங்கராஜு கைப்பேசியைக் கம்பில் மாட்டி, முகநூல் நேரலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "எணைப்பு விஷயமா? கூட்டத்துல கொண்டு வாங்க" என்றார்.

"கூட்டம் எப்ப சார்?"

"கண்காட்சி முடிஞ்ச பெறகு."

முன்னமே முடிந்த அந்தப் பூஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது முறை. எலுமிச்சம்பழம் இஞ்சினைவிடப் பெரிதாக இருந்தது. செயற்குழு கூடி ஆராய்ந்து, கோலிக்குண்டு அளவுள்ள லீமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சை வைக்கலாம் என்று முடிவெடுத்தது. இஞ்சினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முல்லைச் சரம் சுற்றினார்கள். ஓட்டுநர் உட்காரும் இடமே தெரியவில்லை. எல்லாச் சமயத்துக்கும் இடம் தர வேண்டும் என்பதில் தலைவர் உறுதியாக இருந்ததால், "ஜார்ஜ், நீங்க கிறிஸ்தவங்க சார்பா கண்ண மூடிக்குங்க" என்று கேட்டுக்கொண்டார். ஜார்ஜ் மூடிக்கொண்டான். உண்மையிலேயே ஜெபம் செய்தான். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வை.பி. வருவதற்குள் ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டது. நாதஸ்வரம், மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்து மேடையேறினார்கள்.

"இந்தக் கழகம் என்னாலதான் வளந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் கணேசமூர்த்தி. "அதச் சொல்றதுக்குச் செயலாளர் இருக்காரு." தங்கராஜு எழுந்து அதைச் சொன்னார்.

வை.பி. ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் எப்பவுமே மக்களோட மக்களா இருக்கிறவன். அதனாலதான் இன்னிக்கு லேட்டு. இந்தச் சின்ன ரயிலப் பாக்கறப்ப நம்ம சமுதாயந்தான் ஞாபகத்துக்கு வருது. ஒரே எடத்துல சுத்துனாலும் என்னா வேகமா சுத்துது!" கைதட்டல் எழுந்தது. "மொதல்ல ரயில ஓட்டுவோம். அப்புறம் ஒரு நல்ல சேதி சொல்றேன்." சட்டைப்பையில் இருந்த நல்ல சேதியைத் தட்டிக் காட்டினார். பக்கத்தில் சத்தியசீலன் புன்னகைத்தார்.

ஜார்ஜ் கடைசி முறையாகத் தலைவரின் காதருகே போனான். "தலைவரே, மலைக்குள்ள ரயிலு..."

"வாய மூடுங்க. லைவ் போயிக்கிட்டிருக்கு."

ஜார்ஜ் வாயை மூடிக்கொண்டான். இரண்டு பேரிடம் மூன்று தடவை கெஞ்சியாகிவிட்டது. கிளாம்ப் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. கயிற்றுக்கு அப்பாலிருந்து மார்த்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, வை.பி.யைத் தவிர யாரும் தொடக் கூடாதென்ற புது விதி அவனுக்கு ஞாபகம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டான். கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக, விதியைக் கடைப்பிடிப்பதில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது.

வை.பி. பொத்தானை அழுத்தினார். லீமாவ் நசுங்கிச் சாறு தண்டவாளத்தில் ஓடியது. இஞ்சின் உறுமிவிட்டு நின்றது. சக்கரத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது. யாரும் தொடக் கூடாதென்பதால் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். வை.பி. தாமே ஆள்காட்டி விரலால் மெல்லத் தள்ளினார். ரயில் புறப்பட்டது. மண்டபமே கைதட்டியது. தங்கராஜு கம்பைத் தூக்கிக்கொண்டு ரயிலோடு நடந்தார்.

ரயில் கோயிலைத் தாண்டியது, இரட்டைக் கோபுரத்தைத் தாண்டியது. மாலை போட்ட குட்டிக் கணேசமூர்த்தியைத் தாண்டும்போது பெரிய கணேசமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வளைந்து மலைக்குள் நுழைந்தது.

எல்லாரும் மறுபக்க ஓட்டையைப் பார்த்தார்கள்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"குகை கொஞ்சம் நீளமோ?" என்றார் வை.பி.

நாதஸ்வரக்காரர் இடைவெளியை நிரப்ப ஊதத் தொடங்கி, யாரோ முறைத்ததும் நிறுத்தினார். ஒரு தொண்டர் பெட்டியைத் தூக்கப் போனார். பழக்கதோஷத்தில் தலைவர், "வை.பி. தவிர யாரும் தொடக் கூடாது!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் தாம் சொன்னது என்ன என்பது அவருக்குப் புரிந்தது.

"வேணாம் வை.பி., விட்ருங்க" என்று சத்தியசீலன் குறுக்கே வந்தார். "நேரா மேடைக்குப் போயிரலாம்."

வை.பி. நேரலைக் கைப்பேசியைப் பார்த்தார். அதில் தம் முகம் தெரிந்தது. கஷ்டப்பட்ட ரயிலைத் தம் கையால் மீட்கும் ஒரு படம் அவர் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும். "மக்கள் பிரச்சனைன்னா நான் நேரடியா எறங்கிருவேன்" என்று சொல்லி, கையை மடித்துவிட்டுக்கொண்டு, மலையைக் கொடியோடு தூக்கினார்.

எட்டு வீட்டு ஜன்னல்களிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்புக் கைலி தொங்கும் கடைசி வீட்டு வாசலில் இஞ்சின் தலைசாய்ந்து கிடந்தது.

வை.பி.க்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "அட, லைட்டெல்லாம் எரியுது. யாரு வீடு இது?"

"சும்மா அலங்காரம் வை.பி." என்றார் தலைவர்.

"எங்க வீடு ஐயா!" கயிற்றைத் தூக்கிக்கொண்டு பஞ்சாலை உள்ளே வந்துவிட்டாள். தொண்டர்கள் கைநீட்டுவதற்குள் நேரலைக்குள்ளும் வந்துவிட்டாள். "அது என் கைலி. தெராத்தாய் மேல் டிவிஷன். எட்டு வீட்டுலயும் ஆளு இருக்கோம். பாருங்க, அந்தா நிக்கிறாங்க எல்லாம்."

"அங்க யாரும் இல்லன்னு..." வை.பி. சட்டைப்பையைத் தொட்டார். சத்தியசீலன் கூரையைப் பார்த்தார். தங்கராஜுவின் கை மட்டும், பிரமுகரைவிட்டு விலகக் கூடாதென்ற தலைவரின் கட்டளைக்குப் பணிந்து, கம்பை ஆடாமல் பிடித்திருந்தது.

"நான் ஒரு நாளைக்கு நேர்ல வந்து..." என்று ஆரம்பித்தார் வை.பி.

"இப்பவே வாங்க ஐயா" என்றாள் மார்த்தா. "பக்கத்துலதான். தண்ணி சூடு பண்ணித் தேத்தண்ணி போட்டுத் தரேன். ஆளு இல்லாத வீட்டுல யாரு தேத்தண்ணி போடுவா?"

நேரலையில் இதயங்கள் பறந்துகொண்டிருந்தன. வை.பி. தப்பிக்க வழி தேடி நாலாபக்கமும் பார்த்தார். நாலாபக்கமும் பலகைகள்தான் சுற்றியிருந்தன. "போவோம்" என்றார். நல்ல சேதி சட்டைப்பையிலேயே இருந்தது. வை.பி. காருக்குப் பின்னால் லயத்து வேன், அதன் பின்னால் கம்பைப் பிடித்தபடி மோட்டார் சைக்கிளில் தங்கராஜு. மண்டபம் காலியாகிவிட்டது.

ஜார்ஜ் கிளாம்பைத் தளர்த்தி, பலகையை உயர்த்தி, இறுக்கினான். இஞ்சினைத் துடைத்துத் தண்டவாளத்தில் வைத்தான். பொத்தானைத் தட்டினான். ரயில் எட்டு வீடுகளையும் கடந்து, இணைப்பைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. அப்படிப் போகுமென்று அவனுக்குக் காலையிலேயே தெரியும்.

"இது விதி மீறல்" என்று பின்னால் குரல் கேட்டது. கணேசமூர்த்தி தனியாக நின்றிருந்தார். நன்றியுரைத் தாள் அவர் கையில் இருந்தது. "ஒங்க மேல நடவடிக்கை எடுப்போம். எணைப்பு சரியில்லன்னு தெரிஞ்சும் நீங்க முறையா தெரிவிக்கல."

"சரிங்க" என்றான் ஜார்ஜ்.

ரயில் இரண்டாம் சுற்று வந்தது. மூன்றாம் சுற்றும் வந்தது. தலைவர் அதைக் கண்ணால் தொடர்ந்தார். இத்தனை ஆண்டுத் தலைமையில் ரயில் இவ்வளவு நேரம் ஓடி அவர் பார்த்ததில்லை. அவர் குரல் தணிந்தது.

"ஜார்ஜ், இத எப்படி நிறுத்தறது?"

ஜார்ஜ் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். வை.பி. போய்ச் சேரும்போது அவன் வீட்டில் இருந்தாக வேண்டும்.